முருங்கை வாடும் நேரம்

தம்புச் செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.
கால் உடைந்தவர்கள் படியேறித்தான்
நஷ்டஈடு கேட்க வர வேண்டும்.
வக்கீல் கோர்ட்டுக்குப் போனபின்
கேள்விகளெல்லாம் என்னிடம் திரும்பும்.
குமாஸ்தாவைக் கேட்டால் ஃபீஸ் இல்லை பாருங்கள்.

பஸ் இடித்தது, டிரைவர் மேல் போடுவதா, டெப்போ மேலா?
ஹெல்மெட் போடவில்லை,
சொல்லிவிடலாமா, கேட்டால் மட்டும் சொல்லலாமா?
மச்சான் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்,
மச்சான் மேலேயே கேஸ் போட்டால்
அக்கா வீட்டில் எனக்குச் சோறு உண்டா?
விழுந்து ரெண்டு வருஷம், வலி இப்போதுதான்.
கெடு எதிலிருந்து ஓடும்,
விழுந்த நாளா, வலித்த நாளா?

பாதிக்குப் பதில் தெரியும்.
மீதிக்கு, "சார் வரட்டும்."

பூங்காவனம் வந்தது தை மாதத்தில்.
சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருகிறவள்,
கிலோவுக்கு முப்பது, வஞ்சிரம் என்றால் நாற்பது.
கார்த்திகை மழையில், கரண்ட் போன இரவில்,
புளியந்தோப்பில் தன் சந்து முனையில்
மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி
மூடாமல் விட்ட பள்ளம்.
"வியுந்தது நானு, பள்ளம் அவங்கள்து.
கேக்கலாமா, கூடாதா?"

கேட்கலாம் என்றேன்.
ஆனால் பள்ளம் அவர்களுடையது என்று காட்ட வேண்டும்,
மூடுவது அவர்கள் பொறுப்பு என்று,
மூடாததால்தான் விழுந்தாய் என்று,
விழுந்ததால்தான் உடைந்தது என்று.
"ஒடஞ்ச கை போதாதா?"
போதாது.

வருமானத்துக்கு அத்தாட்சி?
வலது கையை மேசைமேல் வைத்தாள்.
மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது.
விரலிடுக்கில் பழைய வெட்டுத் தழும்புகள்,
எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

டாக்டர் எழுதித் தந்தது இருபத்திரண்டு சதவீதம்.
"எந்த இருவத்திரெண்டு?
மீன் தலைய வெட்டறதா, என் தலைய பின்றதா,
கொயாயில கொடம் தூக்கறதா?
மீதி எயுவத்தெட்டு எங்கிட்டயே இருக்குதுன்றாரா?
காணோமே."

எதிர்த்தரப்பு மனு பங்குனியில் வந்தது.
பள்ளத்தில் இரண்டு நாள் முன்பே
எச்சரிக்கையாக மரக்கிளை நடப்பட்டிருந்ததாம்.
பார்த்து நடந்திருக்கலாமாம்.
கூடவே ஒரு போட்டோ,
விழுந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்தது.
சேற்றுத் தண்ணீர், நடுவில் கிளை, அதில் ஒரு சிவப்புத் துணி.

அவள் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள்.
"இது என் ஜாக்கெட் கிய்ச்ச துணி" என்றாள்.
ஸ்டான்லியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு
விடியற்காலை ஆட்டோவில் திரும்பியவள்
வீட்டுக்குள் போகுமுன்
மகன் லோகுவை முருங்கையில் ஒரு கிளை ஒடிக்கச் சொல்லி
நட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி.

அவள் நட்ட கிளையே
அவளுக்கு எதிராக நின்றது.

அன்றிரவு வியாசர்பாடியில்
எங்கள் வாசல் முருங்கையில் ஒரு கிளை ஒடித்து
பக்கெட் சேற்றில் நட்டேன்.
மூன்று மணி நேரம், இலை விரிந்தே இருந்தது.
காலையில் தொங்கியது.
மறுநாள் மாலை தரையெல்லாம் இலை,
பெருக்கிய மனைவி என்னைக் கேட்டது
வேறு வகைக் கேள்வி.

வக்கீலிடம் சொன்னேன்:
சார், போட்டோவில் இலை வாடவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.
"முருங்கையைக் கூண்டில் ஏற்ற முடியாதய்யா" என்றார்.
ஆனாலும் குறுக்கு விசாரணைக் குறிப்பில்
முதல் வரியாக எழுதிக்கொண்டார்.

ஆனியில் வாய்தா. பிறகு ஆவணியில்.
பள்ளத்தை மூடினார்கள், இருபதடி தள்ளி
இன்னொன்று தோண்டினார்கள்.

நேற்று அவள் படியேறி வந்து
மூச்சு வாங்கக் கேட்டாள்:
"புதுப் பள்ளத்துல
கெள நடட்டா, வேணாமா?"

சார் வரட்டும் என்றேன்.

சார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.